கிடந்தவரும் கிடத்தப்பட்டவரும்

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை இளங்கலை மாணவர்களுக்கு விளக்கும்போது நாம் வழக்கமாகக் கையாளும் எடுத்துக்காட்டுகள் சில உண்டு. திருந்தினான் – திருத்தினான். உருண்டான் – உருட்டினான். கிடந்தான் – கிடத்தினான். கடைசி இணைக்கு வாக்கியம் அமைக்கச் சொன்னால், தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள் என்றே பெரும்பாலோர் எழுதுவர். முதியவர் ஒருவரைக் கட்டிலில் கிடத்தினர் என்று எவரும் எழுதுவதில்லை. தாத்தா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று தன்வினையில் சொல்லியே நாம் பழகிவிட்டோம். அந்த வாக்கியத்தில் கிடப்பவர் மட்டுமே இருக்கிறார், கிடத்தியவர் இல்லை.

ஜப்பானிய மொழியிலும் இதற்கு இணையான வேறுபாடு உண்டு. படுத்த படுக்கையாகவே ஆகிவிட்ட நிலையை அவர்கள் 'நெதாகிரி' என்பர். அதே வினையின் பிறவினை வடிவத்திலிருந்து பிறந்த சொல் 'நெகாசெகிரி', அதாவது படுக்கவைத்து அப்படியே விட்டுவிடுதல். 1991இல் அந்நாட்டின் சுகாதார நல அமைச்சகம், முதியோர் படுக்கையில் வீழ்வதைத் தடுக்கப் பத்து நெறிகளை வெளியிட்டது. முதற்சொல் குறிக்கும் நிலை இரண்டாம் சொல் குறிக்கும் செயலால்தான் உண்டாக்கப்படுகிறது என்பது அவற்றுள் ஒன்றன் சாரம். ஓர் அரசு தன் முதியோர் நலக் கொள்கையின் மையத்தை ஓர் இலக்கண வேறுபாட்டால் சொல்ல முடிந்தது நம் போன்றோர்க்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருவது.

நடக்க இயலாத, நெடுநேரம் நிற்க இயலாத முதியோர் நாற்காலியில் அமர்ந்தபடி, ஒன்றுகூடி, எண்ணிக்கை சொல்லிக் கைகால்களை அசைக்கும் காட்சி இன்று பல நாடுகளில் உண்டு. ஜப்பானில் அக்காட்சிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. யார் யாரை அசைத்தனர் என்னும் வினையோடு அவ்வரலாற்றைப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

தொடக்கம் ஜப்பானில் அன்று, நியூயார்க்கில். 1925இல் மெட்ரோபாலிடன் லைஃப் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் கோபுரக் கட்டடத்திலிருந்து காலைநேர உடற்பயிற்சியை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. காப்பீடு செய்தவர் நெடுங்காலம் வாழ்ந்தால் நிறுவனத்துக்கு ஆதாயம். இளமையில் இறந்தால் இழப்பு. அறமும் கணக்கும் ஒரே திசையில் நடந்த அரிய தருணங்களுள் அது ஒன்று.

அதனைக் கண்டறிந்த ஜப்பானிய அஞ்சல்துறை ஆயுள் காப்பீட்டுப் பிரிவினர் தம் நாட்டிலும் அதனைத் தொடங்க விரும்பினர். 1928 நவம்பர் 1 அன்று, பேரரசர் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி, முதல் ஒலிபரப்பு டோக்கியோவில் நிகழ்ந்தது. 'தேசிய நலவாழ்வுப் பயிற்சி' என்பது அதன் முறையான பெயர். மக்கள் வழங்கிய பெயர் 'ராஜியோ தைசோ', வானொலிப் பயிற்சி. 'தைசோ' என்பதன் முதற்பகுதி உடலைக் குறிக்கும். பிற்பகுதி கையாளுதல், இயக்குதல் என்று பொருள்படும். உடலை இயக்குதல் என்பதே அச்சொல்லின் பொருள். இயக்குபவர் யார் என்பதைச் சொல் சொல்வதில்லை, வரலாறு சொல்கிறது.

முதல் அறிவிப்பாளரான எகி ரிஇச்சி படைத்துறை இசைக்குழுவில் பணியாற்றியவர். கருவியும் கருவிக்கேற்ற களமும் தேவைப்படாத பயிற்சி. ஒரு பியானோ இசையும் ஒரு குரலும் போதும். அஞ்சல் அலுவலகங்கள் வழியாகவும் பள்ளிகள் வழியாகவும் அது நாடெங்கும் பரவியது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் விடியற்காலையில் கூடிப் பயில்வது வழக்கமாயிற்று.

1930களின் பிற்பகுதியில் அதன் முகம் மாறியது. 1937இல் சீனாவுடன் முழுப்போர் மூண்டபின், ஒரே நேரத்தில், ஒரே குரலுக்கு, ஒரே அசைவைச் செய்யும் இலட்சக்கணக்கான உடல்கள் நாட்டொருமையின் அடையாளமாயின. கொரியா, தைவான் ஆகிய குடியேற்ற நாடுகளுக்கும் பயிற்சி சென்றது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் பிடியில் இருந்த சிங்கப்பூரிலும் பள்ளி மாணவரும் அலுவலரும் அதனைச் செய்ய நேர்ந்தது. அவர்களுள் தமிழரும் உண்டு. நலவாழ்வுக்கென்று தொடங்கியது ஆணைக்கு அசையும் பழக்கமாயிற்று. இதனை நாம் பிறவினை என்பதோடு நிறுத்த இயலாது. ஆட்டுதல் என்பதற்கும் அப்பால் ஆட்டுவித்தல் என்று ஒரு வடிவம் தமிழில் உண்டே, அதுவே பொருந்தும்.

எனவேதான் தோல்விக்குப் பின், 1946இல் புதிய வடிவில் வந்த பயிற்சியும் நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் ஐயத்துக்கு ஆளாகி 1947இல் நின்றுபோயிற்று. 1951 மே மாதம் அது மீண்டும் வந்தது. இன்றும் காலை 6.30 மணிக்கு ஒலிக்கும் பயிற்சியின் முதற்பகுதி அவ்வாண்டுக்குரியது. இரண்டாம் பகுதி 1952க்குரியது. ஆனால் இவ்விரண்டும் நிற்கவும் குதிக்கவும் இயலுபவர்க்கு உரியன. நிற்க முடியாதவர்க்கு அவற்றில் இடமில்லை. நாற்காலி உள்ளே வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

*

இந்தக் காலத்தாழ்வுக்கு ஜப்பானை மட்டும் குறைசொல்லுதல் முறையன்று. முதுமைக்கும் நோய்க்கும் ஓய்வே மருந்து என்னும் நம்பிக்கை உலகெங்கும் மருத்துவத்தை ஆண்டது. அந்நம்பிக்கை முதலில் அசைந்த இடங்களுள் ஒன்று இங்கிலாந்து.

1935இல் இலண்டனை அடுத்த ஐல்வர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த வறியோர் மருத்துவ விடுதியைத் தன் பொறுப்பில் ஏற்றது. அங்கிருந்த 714 பேரும் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரின் பார்வைக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர். பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையை விட்டு இறங்காதவர். பலருடைய நோயே ஒழுங்காக ஆராயப்படாதது. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து வகைப்படுத்தினார். கூடங்களில் வெளிச்சத்தைக் கூட்டினார். பற்றி நடக்கக் கைப்பிடிகள் அமைத்தார். எழுந்து அமரவும் நிற்கவும் நடக்கவும் பயிற்சி தந்தார். இனி எழமாட்டார் என்று கைவிடப்பட்ட பலர் எழுந்தனர். சிலர் வீடு திரும்பினர். அவர் 1943இலும் 1946இலும் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவம் என்னும் துறைக்கு அடித்தளமாயின. 1947இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் மருத்துவர், படுக்கைக்குச் செல்வதன் ஆபத்துகள் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர்கள் கண்டறிந்ததைப் பின்னாளைய அளவீடுகள் உறுதிசெய்தன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியோர் பத்தே நாள் படுக்கையில் இருந்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களிலிருந்து கொழுப்பு நீங்கலான எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்தது. நோயால் படுக்கிறோம், படுத்ததால் தசை கரைகிறது, தசை கரைந்ததால் எழ இயலவில்லை, எழ இயலாததால் மேலும் படுக்கிறோம். அன்பின் பெயரால் வீட்டார் சொல்லும் 'நீங்கள் எழ வேண்டாம், நாங்கள் எடுத்துத் தருகிறோம்' என்னும் சொல்லும் இவ்வட்டத்தில் ஒரு கண்ணியாகிவிடுவதை நாம் மறுக்க முடியாது.

கரைந்த தசை மீளுமா? 1990இல் மரியா ஃபியாடரோனும் அவர்தம் குழுவினரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு இதற்கு விடை தந்தது. சராசரி வயது 90 ஆன பத்துப் பேர் எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப்பயிற்சி மேற்கொள்ள முன்வந்தனர். ஒருவர் இடையில் விலகினார். எஞ்சியோரின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டு நடந்தனர். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவருள் ஒருவர் எழுந்தார். எண்ணிக்கையில் மிகச் சிறிய ஆய்வு. எனினும் 1994இல் அதே குழுவினர் நூறு பேரிடம் நடத்திய ஆய்வும் அத்திசையையே காட்டியது. தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்கு மறுமொழி தரும் என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

*

இவ்வறிவு ஜப்பானுக்கு வேண்டியிருந்த காலமும் அதுவே. 65 வயதைக் கடந்தோர் அந்நாட்டு மக்கள்தொகையில் 1970இல் 7 சதவீதத்தைத் தாண்டினர். 1994இல் 14 சதவீதத்தைத் தாண்டினர். 2007இல் 21 சதவீதத்தைத் தாண்டினர். 1989 இறுதியில் அரசு வகுத்த பத்தாண்டுத் திட்டத்தில், படுத்த படுக்கையான முதியோரே இல்லாத நிலையை அடைவது ஓர் இலக்காக இடம்பெற்றது. முன்னர்க் குறிப்பிட்ட பத்து நெறிகள் அத்திட்டத்தின் தொடர்ச்சியே.

1999ஐ ஐக்கிய நாடுகள் அவை முதியோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டில் 'மின்னா நோ தைசோ' என்னும் புதிய பயிற்சி உருவாயிற்று. 'எல்லோருக்குமான பயிற்சி' என்பது பொருள். நின்றும் செய்யலாம், அமர்ந்தும் செய்யலாம். தொலைக்காட்சியில் பயிற்சி காட்டுவோர் நடுவே ஒருவர் நாற்காலியில் அமர்ந்து அதே இசைக்குத் தம் கைகால்களை அசைக்கிறார். 1928இல் தொடங்கிய வரிசையில் எழுபத்தோராம் ஆண்டில் ஒரு நாற்காலி போடப்பட்டது என்று இதனைச் சொல்லலாம்.

அடுத்த படியை எடுத்துவைத்தது தலைநகர் அன்று. ஷிகோகு தீவின் தென்கரையில் உள்ள கோச்சி நகரம். 2002இல் அந்நகராட்சி அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைகளைத் தழுவி 'இகி இகி ஹ்யாகுசாய் தைசோ' என்னும் பயிற்சியை வகுத்தது. 'உயிர்த்துடிப்புள்ள நூறு வயதுப் பயிற்சி' எனலாம். கைமணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதில் சிறு எடைக்குச்சிகளைச் செருகி, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து 2.2 கிலோ வரை பத்துப் படிகளில் கூட்டலாம். நாற்காலியில் அமர்ந்து கையை மெல்ல உயர்த்துதல், முழங்காலை நீட்டுதல், நாற்காலியைப் பற்றி நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குதல், நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமர்தல். இவ்வளவே. எல்லோரும் வாய்விட்டு எண்ணுகின்றனர். எண்ணினால் மூச்சை அடக்கும் பிழை நேராது.

மென்பயிற்சி என்னும் சொல் இங்குத் தவறாகப் பொருள்கொள்ளப்படுதல் கூடும். மென்மை அசைவின் வேகத்தில் இருக்கிறது; முயற்சியில் இல்லை. 200 கிராம் எடையைத் தூக்க ஒருவர் தம் முழு வலிமையையும் திரட்ட வேண்டியிருந்தால் அவருக்கு அது கடும்பயிற்சியே. அடுத்த நாற்காலியில் இருப்பவர் 1 கிலோ தூக்குவது அவருக்கு அளவுகோல் அன்று. எல்லோரும் ஒன்றாக எண்ணினாலும் ஒவ்வொருவரும் தத்தம் எடையையே தூக்குகின்றனர். 1930களின் அணிவகுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கோச்சி நகராட்சி மக்களைத் திரட்டவில்லை. தாமே கூடிச் செய்ய விரும்புகிறோம் என்று முன்வரும் குடியிருப்போர்க்கே அது துணைசெய்தது. இடமும் நாற்காலியும் அவர்கள் பொறுப்பு. எடைப்பட்டைகளை இரவல் தருவதும் தொடக்கத்தில் சிலமுறை வந்து கற்பிப்பதும் நகராட்சியின் பங்கு. அதன்பின் கூட்டத்தை நடத்துவோர் முதியோரே. இம்முறை பின்னர்ப் பல ஊர்களுக்குப் பரவியது. 2014இல் திருத்தப்பட்ட முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டமும் குடியிருப்போரே நடத்தும் இத்தகைய கூடுமிடங்களை ஊக்குவித்தது.

*

ஆட்டுவித்தலில் தொடங்கிய வரலாறு அசைதலில் வந்து முடிந்தது என்று கூறி இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் அவ்வாறு நிறுத்துதல் நேர்மையாகாது. 1928இல் பயிற்சியைக் கொணர்ந்தது ஒரு காப்பீட்டுத் துறை. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீட்டிலும் காப்பீட்டாளர் நகராட்சியே. முதியவர் ஒருவர் எழுந்து நடந்தால் நகராட்சிக்குச் செலவு குறையும். கணக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தடுத்திருக்கக்கூடிய முடக்கத்தைத் தடுக்காமல் விட்டவர் என்று, வர இயலாமற்போன முதியவர்மீது பழி விழும் வாய்ப்பும் இதில் உள்ளது. பக்கவாதத்தாலோ மறதிநோயாலோ எப்பயிற்சியாலும் எழ முடியாதவர்களும் உள்ளனர். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் எந்த இயக்கமும் பழைய அணிவகுப்பின் மறுபிறப்பே ஆகும்.

ஆயினும் கணக்குக்கு அப்பால் ஒன்று நிகழ்கிறது என்றே நாம் கருதுகிறோம். 2020இல் பெருந்தொற்றின்போது கூடுமிடங்கள் மூடப்பட்டன. அசைவுகளை வீட்டிலும் செய்யலாம். நாற்காலி எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கூடத்தில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தால் அதில் அமர்பவர் ஏன் வரவில்லை என்று கேட்கப் பலர் உண்டு. வீட்டு நாற்காலி வெறுமையானால் கேட்பதற்கு ஒருவரும் இல்லாத வீடுகள் பல. உரக்க எண்ணும் குரல்களுள் தம் குரலும் ஒன்று என்பதற்காகவே அங்கு வருவோரை எந்தக் காப்பீட்டுக் கணக்கும் பதிவுசெய்வதில்லை.

அடுத்த முறை வகுப்பில் கிடந்தான் – கிடத்தினான் என்று எழுதும்போது, பக்கத்திலேயே எழுந்தான் – எழுப்பினான் என்பதையும் எழுத எண்ணியுள்ளோம். கிடத்தியவர் எழுப்பவும் கூடும். எழுப்புதல் நல்ல பிறவினைதான். ஆனால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றாமல், நான்கு எண்ணுவதற்குள் ஒரு மூதாட்டி மெல்ல எழுந்து நிற்பாரானால், அந்த வினைக்கு எழுவாய் அவரே.