அரண்மனைக்குப் போன சொற்கள்

ஒரு நூலை ஒருவர் மொழிபெயர்ப்பது சிரமமான காரியம். நூறு நூல்களைப் பல பேர் கூடி மொழிபெயர்ப்பது அதைவிடச் சிரமம். முன்னதில் நூலோடு மட்டும் மல்லுக்கு நின்றால் போதும். பின்னதில் சக மொழிபெயர்ப்பாளர்களோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். ஆளுக்கொரு சொல்லை எழுதி வைத்துவிட்டுப் போனால் அவதிப்படுகிறவன் வாசகன்தான்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒரு மன்னன் சட்டமே போட்டான். இடம் திபெத்து. காலம் கி.பி. 814 என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

8ஆம் நூற்றாண்டிலிருந்தே திபெத்திய மன்னர்கள் பௌத்த நூல்களைத் தம் மொழிக்குக் கொண்டுவரத் தாராளமாகச் செலவு செய்தார்கள். நூல்கள் வந்த வழி ஒன்றல்ல. இந்தியாவிலிருந்து வந்தவை சில. சீனத்திலிருந்தும், மத்திய ஆசியாவின் கோத்தானிலிருந்தும் வந்தவை சில. ஆகவே ஒரே தத்துவத்துக்கு நூலுக்கு நூல் வேறு பெயர். படிக்கிற பிக்ஷு, இதுவும் அதுவும் ஒன்றா வேறா என்று விழிக்க நேர்ந்தது.

திரிதே சோங்சேன் என்ற மன்னன், ஜினமித்திரர், சுரேந்திரபோதி, தானசீலர் முதலிய இந்தியப் பண்டிதர்களையும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர்களையும் ஒன்றாக உட்கார வைத்தான். அந்த முயற்சியின் பலனே ‘மகாவியுத்பத்தி’ என்ற பெரிய சொற்பட்டியல். சுமார் 9,500 சம்ஸ்கிருதச் சொற்களும், அவற்றுக்கு நேரான திபெத்தியச் சொற்களும் அதில் உண்டு.

பட்டியலைவிட எனக்குச் சுவையாகப் படுவது, அதை யார் தொடலாம் என்று மன்னன் வகுத்த விதிதான். எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் அதைப் பார்த்து எழுத வேண்டும். யாரும் தம் இஷ்டப்படி புதுச் சொல் ஆக்கி நூலில் நுழைத்துவிடக் கூடாது. ஆனால் புதுச் சொல் தேவைப்பட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தான். சொல்லை இலக்கணப்படி ஆராய்ந்து, காரணங்களோடு அரண்மனைக்கு அனுப்பலாம். அங்கே சமயத் தலைவர்கள் சபையும் மொழிபெயர்ப்புக் குழுவும் அதைப் பரிசீலிக்கும். பிறகு மன்னன் செவிக்குப் போகும். அவன் சம்மதித்தால் பட்டியலில் ஏறும். தாந்திரிக நூல்களிலோ கட்டுப்பாடு இன்னும் கடுமை. அனுமதி பெறாமல் அவற்றை மொழிபெயர்க்கவே கூடாது.

நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தவுடன் கோபம்தான் வந்தது. சொல்லுக்கு அரசாங்க முத்திரையா? கவிஞனும் கதைக்காரனும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டா பேனாவைத் திறப்பது? ஆனால் பட்டியலோடு எழுந்த துணை நூலைப் பற்றி அறிந்தபோது கோபம் பாதி தணிந்தது. சுமார் 400 சொற்களை எடுத்துக்கொண்டு, ஏன் இப்படி மொழிபெயர்த்தோம் என்று அந்த நூல் விளக்குகிறது.

‘அர்ஹத்’ என்ற சொல்லைப் பாருங்கள். பூஜைக்குத் தகுதியானவர் என்று ஒரு பொருள். பகைவரை, அதாவது மனத்தின் அழுக்குகளை, வென்றவர் என்று இன்னொரு பொருள். இரண்டையும் சொல்லிவிட்டு, இரண்டாவதையே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். இன்றைய மொழிநூலார் முதல் பொருளுக்கே வாக்களிப்பார்கள். இருந்தாலென்ன? தள்ளிய பொருளையும் மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதுவல்லவா நேர்மை!

பிடிவாதக்காரர்களும் அல்ல அவர்கள். சம்ஸ்கிருதத்தில் ‘கோ’ என்றால் பசு, பூமி, திசை, வாக்கு, ஒளி என்று பல பொருள். இப்படிப்பட்ட சொல் எந்தப் பொருளில் வந்தது என்று ஒரு பக்கமாகத் தீர்மானிக்க முடியாவிட்டால், இந்தியச் சொல்லையே விட்டுவிடு என்றார்கள். மரம், பூ, ஊர்ப் பெயர்களை மொழிபெயர்த்தால் விகாரமாகுமென்றால், முன்னால் ‘பூ’ என்றோ ‘நாடு’ என்றோ சேர்த்து மூலப் பெயரையே எழுதச் சொன்னார்கள். புத்தரைப் பற்றிப் பேசும்போது உயர்ந்த மரியாதைச் சொல், மற்றவர்களுக்கு அவரவர் தகுதிக்கேற்ற சொல் என்றும் விதி செய்தார்கள். மரியாதைப் பன்மையோடு வாழ்கிற நமக்கு இந்தக் கவலை புரியாமல் போகாது.

842இல் லாங்தர்மா என்ற மன்னன் கொல்லப்பட்டான். ராஜ்யம் சிதறியது. அரண்மனையும் இல்லை, சபையும் இல்லை, முத்திரையும் இல்லை. சட்டத்தை மீற எவனுக்கும் தடை கிடையாது. ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் பிறந்த ரின்சென் சாங்போ போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் காலத்திலும் அந்தச் சொற்களே பெரும்பாலும் வழங்கின. 1200ஐ ஒட்டி நாலந்தா அழிந்தது. சம்ஸ்கிருத மூலங்கள் பல மறைந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று இன்று ஊகிக்க முடிகிறதென்றால், திபெத்திய மொழிபெயர்ப்புகளில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு இருப்பது அதற்கு முக்கியமான காரணம். 1842இல் டார்ஜிலிங்கில் இறந்த ஹங்கேரியரான சோமா தெ கோரோஸ் மகாவியுத்பத்தியை ஆங்கிலத்தில் ஆக்கி வைத்தார். 1910 முதல் அது கல்கத்தாவில் அச்சேறியது.

இன்று மொழிபெயர்ப்பு கம்ப்யூட்டரில் நடக்கிறது. பத்துப் பேர் பத்து ஊர்களில் இருந்துகொண்டு ஒரே சொற்பட்டியலைப் பார்க்கிறார்கள். யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் யோசனை சொல்லலாம், யார் திருத்தலாம் என்று அங்கேயும் பூட்டும் சாவியும் உண்டு. பூட்டு வேண்டியதுதான். திறந்து கிடக்கிற வீட்டில் நாலு பேர் நாலு பாத்திரத்தை இடம் மாற்றினால் சமையல் நடக்காது.

ஆனால் சாவி வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை. மன்னனின் பூட்டு முப்பது வருஷத்துக்குள் துருப்பிடித்துப் போயிற்று. சொல்லுக்குப் பக்கத்தில் எழுதி வைத்த காரணம் பன்னிரண்டு நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது.