கப்பலுக்குப் போன பாட்டனாரைத் தேடி

“அவன் பெரிய எம்டன்” என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன செர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதற்கு முந்தைய நாள்களில் அதே எம்டன் வங்கக் கடலில் மூழ்கடித்த இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளோமட் ஆகிய வணிகக் கப்பல்களின் பெயர்களோ எவர் நினைவிலும் இல்லை. தாக்கிய கப்பலின் பெயர் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. தாக்கப்பட்ட கப்பல்களில் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவர்களின் பெயர்களைக் கேட்பார் இல்லை.

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள கடற்கரை ஊர்களிலும், உள்ளே செங்கற்பட்டிலும், “எங்கள் பாட்டனார் சண்டைக் காலத்தில் கப்பலுக்குப் போனார், திரும்பவில்லை” என்று சொல்லும் குடும்பம் ஒன்று இருக்குமானால், இக்கட்டுரை அவர்களுக்கானது. பட்டாளத்துக்குப் போனவருக்குப் படைப்பிரிவும் எண்ணும் உண்டு. சரக்குக் கப்பலில் வேலை செய்தவரை எங்கே தேடுவது?

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலை செய்தோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஐம்பதாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெள்ளை மாலுமியின் ஊதியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் ஊதிய உயர்வு கேட்டுப் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. போர் முடிந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

அவர்களுள் பலர் நம் கடலிலேயே மாண்டனர். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. அன்று காலை சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே வேளையில் தளபதி ஒசாவாவின் கப்பல்கள் வங்கக் கடலில் நுழைந்தன. கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல்கள் குவிந்து கிடப்பது ஆபத்து என்று அஞ்சி, அவற்றைப் போர்க்கப்பல் துணையின்றியே வெளியே அனுப்பியிருந்தார்கள். கரையோரமாக வந்தவை வரிசையாக அகப்பட்டன. சில நாள்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் தார்தனசு என்ற கப்பல் குண்டடி பட்டு நகர முடியாமல் நின்றபோது, கந்தாரா என்ற மற்றொரு சரக்குக் கப்பல் அதைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது. தனியே சென்றிருந்தால் கந்தாரா விரைவாகப் போயிருக்கும். மறுநாள் சப்பானியக் கப்பல்கள் வந்து இரண்டையும் மூழ்கடித்தன. அந்த வாரங்களில்தான் அச்சம் மேலிட்டுச் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டு வெளியேறினார்கள்.

தேடுவோர் ஒன்றை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்: ஆளைத் தேடுவதற்கு முன் கப்பலைத் தேடுங்கள். மாலுமிகளைக் கப்பல் வாரியாகத்தான் பதிந்தார்கள். போர்க்காலப் பணியாளர் பட்டியல்கள் இலண்டனை அடுத்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கப்பலின் பதிவு எண் வரிசைப்படி வைக்கப்பட்டுள்ளன. பழைய டிரங்குப் பெட்டியில் மாலுமியின் பணிச் சான்றுப் புத்தகம் கிடைத்தால் அது பெரும் பேறு. எந்தக் கப்பலில், எந்நாளில், எத்துறையில் சேர்ந்தார், எங்கே விடுபட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். புத்தகம் இல்லையேல் கடிதத்தின் மேலுறை, பணவிடைத் துண்டு, புகைப்படத்தின் பின்புறம் எழுதிய ஒரு சொல் ஆகியவையும் உதவும். என்ன வேலை பார்த்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சாரங்கு, தண்டல், சுக்கானி, பண்டாரி என்ற பட்டங்கள் ஆங்கிலப் பட்டியல்களிலும் அப்படியே திரிந்து வரும். (தூத்துக்குடித் தோணியில் தண்டல்தான் தலைவர், நீராவிக் கப்பலிலோ அவர் சாரங்குக்குக் கீழ்.)

அடுத்த சிக்கல் பெயர். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் இலத்தீனில் எழுதப்பட்ட திருமுழுக்குப் பதிவேட்டில் பேத்ருசு ஆகிறார். கப்பல் எழுத்தர் கையில் பீட்டர் ஆகியிருக்கலாம், அல்லது காதில் விழுந்தபடி வேறு ஏதோ ஆகியிருக்கலாம். சின்னப்பன் பவுலாகவும், அருளப்பன் யோவானாகவும், சூசை யோசேப்பாகவும் மாறுவதை நாம் அறிவோம். ஆகவே பங்குப் பதிவேட்டைப் பார்த்துத் தந்தை பெயரையும் ஊரையும் உறுதிசெய்துகொண்ட பின்னரே பட்டியலுக்குப் போகவேண்டும். கடலன்றி வேறு கல்லறை இல்லாத பிரித்தானிய வணிக மாலுமிகளின் பெயர்கள் இலண்டன் டவர் ஹில் நினைவகத்தில் வெண்கலத் தகடுகளில் உள்ளன. இரண்டாம் போரில் அவ்வாறு மாண்ட இந்தியரின் பெயர்கள் நினைவு ஏடுகளில் எழுதப்பட்டு, ஒரு படி மும்பையிலும் மற்றொன்று சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டன. தகடும் ஏடும் ஒன்றாகுமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். அப்பெயர்களைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இன்று வீட்டிலிருந்தே தேடலாம். அங்கு இல்லையென்றால் அவர் சிறைப்பட்டிருக்கவும் கூடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் பகைவரிடம் சிறைப்பட்டனர்; பிரேமன் நகருக்கு அருகிலிருந்த மிலாக் நோர்டு முகாமில் வணிகக் கப்பல் மாலுமிகளையே அடைத்துவைத்தார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதை எவரும் நினைப்பதில்லை. கடலில் மாண்டவருக்கு அடக்கம் இல்லை. ஆகவே பங்கின் அடக்கப் பதிவேட்டில் அவர் பெயரும் இராது. ஆனால் அவர் விட்டுச் சென்ற இளம் மனைவியின் நிலை என்ன? கணவர் நெடுங்காலம் திரும்பாததே அவர் இறந்ததற்குச் சான்றாகாது என்பது திருச்சபைச் சட்டம். மறுமணத்துக்கு முன் இறப்பைப் பற்றி ஆயர் விசாரித்து உறுதி பெறவேண்டும். 1868இல் உரோமைத் திரு அலுவலகம் வகுத்த அறிவுரைப்படி, இறந்ததைக் கண்ட இருவரின் சான்று முதலில் தேடப்படும். அது கிடைக்காவிடில் ஒருவரின் சான்று, கேள்விப்பட்டோர் கூற்று, கப்பலுக்கு நேர்ந்த கேடு ஆகியவையெல்லாம் எடைபோடப்படும். இன்றைய சட்டத் தொகுப்பின் 1707ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

அத்தகைய விசாரணை நடந்திருந்தால், கப்பலின் பெயர், உடன் சென்ற தோழரின் வாக்குமூலம், நிறுவனத்தார் எழுதிய கடிதம் ஆகியவை மறைமாவட்ட ஆவண அறையில் ஒரே கட்டில் இருக்க வாய்ப்புண்டு. மனைவி மறுமணம் செய்திருந்தால், அந்தத் திருமணப் பதிவின் ஓரக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். அதைப் பேசக் கூச்சப்பட்டுப் பல குடும்பங்கள் மறைத்துவிட்டன; அந்தக் கூச்சத்தோடு பாட்டனாரின் கப்பலும் மறைந்துபோனது. செங்கற்பட்டு மறைமாவட்டம் 2002இல்தான் தோன்றியது. சென்னையும் மயிலாப்பூரும் 1952இல் இணைக்கப்படும்வரை தனித்தனி ஆட்சிகளாக இருந்தன. எனவே 1940களில் தங்கள் பங்கு எந்த ஆட்சியின் கீழ் இருந்தது என்று பங்குத்தந்தையிடம் கேட்டறிந்து, குடும்பத்தார் என்பதற்குரிய சான்றுகளோடு, கட்டைப் பார்க்க ஆயரகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிப்பது நலம்.