காவலூரில் மங்கிய நட்சத்திரம்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் போனால் காவலூர். அங்கே 1972-ல் நிறுவிய 102 செ.மீ. தொலைநோக்கி 1977 மார்ச் 10 இரவு ஒரு மங்கலான நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் கோள் அதை மறைக்கப்போகிறது என்று கணித்திருந்தார்கள். ஆனால் குறித்த நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கி, மீண்டும் பிரகாசித்தது!

இது நிஜமா, கருவியின் கோளாறா? சந்தேகம் நியாயமானதுதான். அன்றைய ஒளிமானிகளில் இருந்தது ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். ஃபோட்டான் விழுந்தால் எலக்ட்ரான் தெறிக்கும். அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கி மின்னோட்டமாகத் தரும். சிக்கல் என்னவென்றால், 100 ஃபோட்டான் விழுந்தால் சுமார் 20-தான் பதிவாகும். ஃபோட்டான்கள் வேறு சீராக வராது. 10,000 எண்ணினால் ஏறக்குறைய 100, அதாவது 1 சதவீதம், தானாகவே கூடும் குறையும். அதில் 2,000 மட்டும் பதிவானால் ஆட்டம் 2.2 சதவீதம் ஆகிவிடும். போதாததற்கு இருட்டிலும் கசியும் மின்னோட்டம், காற்றின் நடுக்கம், பக்கத்திலேயே நட்சத்திரத்தை விடப் பிரகாசமான யுரேனஸின் வெளிச்சம்.

பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த மங்கலை நிஜம் என்று நம்பினார்கள். யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரே ஒரு மங்கலை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழு கோளுக்கு முன் ஐந்து, பின் ஐந்து மங்கல்களைப் பதிவுசெய்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில்! துணைக்கோள்கள் அப்படி ஜோடி ஜோடியாக நிற்காது. அவை வளையங்கள். காவலூர் கண்டதும் ஒரு வளையமே. கண்டுபிடிப்பின் பெயர் எலியட்டுக்குப் போனது. அதில் அநியாயம் ஏதுமில்லை, சமச்சீரைக் கண்டவர் அவர்.

பின்னர் பாப்புவும் பட்டாச்சார்யாவும் காவலூர் பதிவை மீண்டும் அலசி, சனியைப் போன்ற அகன்ற வளைய அமைப்பு இருப்பதாக அதே ஆண்டில் எழுதினார்கள். 1986 ஜனவரியில் அங்கே போன வாயேஜர் 2 காட்டியவை பெரும்பாலும் மெல்லிய வளையங்கள். ஆனால் சூரியனுக்கு எதிர்ப்புறமிருந்து எடுத்த படத்தில் மட்டும் அவற்றுக்கிடையே அகலமான தூசிப் பட்டைகள் பளிச்சிட்டன.