பந்தக்கால் இல்லாமல் நிற்கும் வீடு

பாயான் பாரு போன்ற இடங்களில் வீட்டு முன்புறம் பெரும்பாலும் சிமெண்டுத் தரைதான். கால் நட்டுப் பந்தல் போட வழியில்லை. மொங்கோலிய மேய்ப்பர்களின் வட்ட வீடான யூர்ட்டுக்குக் குழியே தேவையில்லை. அவர்கள் அதைக் 'கெர்' என்பார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பழைய கடைகளின் மடக்குக் கதவு போல விரியும் பின்னல் சட்டம்தான் சுவர். அதன் தலையிலிருந்து கூரைக் கழிகள் மேலேறி உச்சி வளையத்தில் செருகி நிற்கும். கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும். அதைத் தடுப்பது சுவரின் தலையைச் சுற்றி இறுக்கிய ஒரே கயிறு. அது தளர்ந்தால் கூரை உட்கார்ந்துவிடும். நைலான் கயிறு இழுபடும். லாரிச் சரக்கைக் கட்டும் பாலியெஸ்டர் பட்டை நல்லது.

சட்டத்துக்கு முற்றிய மூங்கில் போதும். வண்டு அரிக்காமலிருக்க வெண்காரக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். மொங்கோலியர் போர்த்தும் கம்பளி பினாங்கு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கித்தான் துணியே ஏற்றது. கோடையில் அவர்கள் செய்வதுபோல அடிப்பக்கத்தைச் சுருட்டிவிட்டால் காற்று வரும்.

விடியற்காலையில் சுமத்ரா காற்று வீசினால்? மொங்கோலியர் உச்சி வளையத்திலிருந்து கயிறு இறக்கிக் கல்லைக் கட்டுவார்கள். இங்கே தண்ணீர் நிரப்பிய பீப்பாய் போதும். அந்தப் பாரமும் கடைசியில் அதே பட்டையில்தான் விழும்.