ஆற்றுப்படுத்துவோரும் அவர்தம் ஆசிரியரும்

சங்க இலக்கியத்துள் ஆற்றுப்படை என்பது தனியொரு வகை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியிடை வறுமையோடு எதிர்ப்படும் தன்னொத்த கலைஞனுக்குத் தான் சென்ற நெறியையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து, அவனையும் அந்நெறியில் செலுத்துவது அதன் இலக்கணம். சொல்பவன் அவ்வழியைத் தன் காலால் அளந்தவன். கேட்பவனின் பசியைத் தானும் அறிந்தவன். ஆங்கிலத்தில் கவுன்சிலிங் எனப்படும் இக்காலக் கலைக்கு நம் அறிஞர் ஆற்றுப்படுத்தல் என்று பெயரிட்டது பொருத்தமே. (நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் என்றதும் பொறியியற் கல்லூரியில் இடம் ஒதுக்கும் நாளே நினைவில் வரும். நாம் ஈண்டுக் கூறுவது அதுவன்று.) எனினும் அக்கலை ஒரு கல்வித் துறையாக வளர்ந்த அமெரிக்க நாட்டில், வழி சொல்வோர் ஒரு கூட்டத்தாராகவும், வழி கேட்போர் பிறிதொரு கூட்டத்தாராகவும் நெடுங்காலம் இருந்தனர். அந்நிலை எவ்வாறு மாறத் தலைப்பட்டது என்பது நாம் அறிய வேண்டிய வரலாறு.

1908ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குடியேறிய ஏழைக் குடும்பத்து இளைஞர் பலர் அங்கு வந்தனர். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்னும் மூன்றே அவர் வகுத்த முறை. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. 1911இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் இவ்வழிகாட்டுதலை ஒரு பாடமாகவே நடத்தியது. நல்ல தொடக்கந்தான். ஆனால் ‘தன்னை அறிதல்’ என்னும் முதற்படியை அளவுகோல் கொண்டு அளக்க முற்பட்டபோது இடர் புகுந்தது. 1916இல் இலூயிஸ் டெர்மன் அறிவுத்திறன் தேர்வைத் திருத்தி வெளியிட்டார். அந்நூலிலேயே, கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளும் பிறவியிலேயே மந்தமுடையோர் என்றும், அவர்களைத் தனி வகுப்புகளிற் பிரித்து வைத்தல் வேண்டும் என்றும் எழுதினார். பிறப்பால் அறிவை அளக்கும் இவ்வாதம் நம் செவிக்குப் புதிதன்று. கறுப்பினக் கல்வியாளர் ஓரேசு மான் பாண்ட் 1924இலேயே இதனை வன்மையாக மறுத்தெழுதினார், கேட்பார் அரிதாயினர்.

இதன் விளைவை ஒரு சிறுவன் வாழ்வில் காணலாம். மிச்சிகன் மாநிலத்தில் எட்டாம் வகுப்பிற் சிறந்து விளங்கிய மால்கம் என்பான், தான் வழக்கறிஞனாக விரும்புவதாகத் தன் ஆசிரியரிடம் கூறினான். கறுப்பினத்தானுக்கு அது நடவாத காரியம், தச்சுத் தொழிலைக் கருதுக என்று அவர் அறிவுரை பகன்றார். அவனினும் குறைந்த மதிப்பெண் பெற்ற வெள்ளை மாணவர்க்கோ அவரவர் விருப்பத்திற்கே ஊக்கம் அளித்தார். பின்னாளில் மால்கம் எக்ஸ் எனப் புகழ்பெற்ற அவர் தம் வரலாற்றில் இதனைக் கூறியுள்ளார். தச்சுத் தொழில் இழிந்ததன்று. உழைப்பு எதுவும் இழிந்ததன்று. பிறனுடைய எல்லையை வரையும் உரிமையை அவ்வாசிரியருக்கு அளித்தது யாது என்பதே நம் வினா. அவர் தீயவருமல்லர், அன்போடுதான் சொன்னார். நம் சேரிப் பிள்ளைகளிடம் ‘இப்படிப்பு உனக்கு ஏறாது’ என்போரும் பலகால் அன்போடுதான் சொல்கின்றனர்.

ஆகவே, அளவுகோலைச் செய்யும் இடத்திற்கே செல்லுதல் வேண்டும் என்று சிலர் துணிந்தனர். அவ்விடம் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வு. ஆர்க்கன்சா மாநிலத்திற் பிறந்த பிரான்சிசு சம்னர், தக்க உயர்நிலைப் பள்ளி இன்மையால் பெற்றோரிடமும் தாமேயும் பயின்று, எழுத்துத் தேர்வு எழுதிக் கல்லூரி புகுந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுக் களத்திற்கு அனுப்பப்பட்டு மீண்டு, 1920இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவரானார். கறுப்பினத்தாருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பின்னர் ஓவர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையைக் கட்டி வளர்த்தார். இனெசு பிராசர் அம்மையார் தம் ஆசிரியப் பணியின் ஊதியத்தால் உடன்பிறந்தோரையும் படிக்க வைத்துக்கொண்டே தாமும் பயின்று 1933இல் சின்சினாட்டியில் முனைவரானார். மறு ஆண்டே வாகன விபத்தில் மறைந்தார். அக்காலத்தின் கடுமையை ஓர் எண்ணே உணர்த்தும். 1920 முதல் 1966 வரை, அந்நாட்டின் தலைசிறந்த பத்து உளவியல் துறைகள் வழங்கிய 3,700க்கும் மேற்பட்ட முனைவர் பட்டங்களுள் கறுப்பினத்தார் பெற்றவை 8.

சம்னரிடம் ஓவர்டில் பயின்றோருள் கென்னத் கிளார்க்கும், அவர்தம் துணைவியாராகிய மேமி கிளார்க்கும் குறிக்கத் தக்கவர். அண்ணல் அம்பேத்கர் 1913இல் அடியெடுத்து வைத்து, 1927இல் முனைவர் பட்டம் பெற்ற அதே கொலம்பியாவில், 1940இல் கென்னத்தும் 1943இல் மேமியும் உளவியல் முனைவராயினர். மேமி அம்மையார் தெரிந்தே தேர்ந்துகொண்ட நெறியாளர் என்றி காரெட், இனப் பிரிவினையை ஆதரித்தவர். 1952இல் வர்சீனியப் பள்ளி வழக்கில் பிரிவினைக்குச் சார்பாகக் காரெட் சான்றுரைத்தபோது, அக்கூற்றை மறுத்துச் சான்றுரைத்தவர் அவரிடம் பயின்ற மேமியே. பட்டமின்றி அம்மன்றம் அவர் சொல்லைக் கேட்டிருக்குமா? நிறம் ஒன்றில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து இருவரும் நடத்திய ஆய்வு, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே விரும்பியதைக் காட்டிற்று. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரிவினை பிள்ளைகளின் உள்ளத்தைப் புண்படுத்தும் என்பதற்குக் காட்டப்பட்ட சான்றுகளுள் கென்னத்தின் ஆய்வும் ஒன்று.

தீர்ப்பைப் பலரும் அறிவர். 1946இல் மேமியின் தந்தை கடனாக அளித்த 946 டாலர் கொண்டு ஆர்லெம் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அவ்விருவரும் தொடங்கிய நிலையத்தை அறிவார் சிலரே. மனவளர்ச்சி குன்றியோர் எனப் பள்ளி முத்திரை குத்திய பிள்ளைகளை அங்கு மீண்டும் சோதித்தனர். பலர் அவ்வகுப்பில் இருக்க வேண்டியவரே அல்லர் எனத் தெரிந்தது. நம் கருத்தில், அவ்விருவர் பணியுள் இதுவே தலையாயது.

1957இல் சோவியத்து நாடு செயற்கைக் கோளை ஏவியதும் அமெரிக்கா திடுக்குற்று, 1958இல் கல்விச் சட்டம் ஒன்று இயற்றிற்று. பள்ளிதோறும் ஆற்றுப்படுத்துநரை அமர்த்தவும் பயிற்றவும் பெரும்பொருள் வழங்கப்பட்டது. பயிற்றுவோரைப் பயிற்றும் முனைவர் படிப்புகளும் பெருகின. கிளெமண்ட் வாண்ட்ரெசு 1965இல் இந்தியானாவில் இத்துறை முனைவராகி, வேற்றினத்து ஆற்றுப்படுத்துநர் முன் கறுப்பின மாணவன் வாய் திறவாமைக்குக் காரணம் அவன் மட்டுமல்லன் என்பதை ஆராய்ந்தெழுதினார். 1972இல் வெள்ளையரல்லாதார் நலன் கருதும் பிரிவு ஒன்று தேசிய ஆற்றுப்படுத்துநர் சங்கத்துள் ஏற்கப்பெற்றது. கலிபோர்னியாவில் 1968–69இல் மாணவருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரான கறுப்பினப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் 27 விழுக்காட்டினராக இருந்தனர். 1971இல் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கறுப்பின உளவியலாளர் அப்பிள்ளைகளை மறுபடி சோதித்துச் சான்றளித்தனர். அறிவுத்திறன் தேர்வைக் கொண்டு அவர்களை அவ்வகுப்புகளில் சேர்த்தல் தகாது என 1979இல் தீர்ப்பு வந்தது.

இத்துறைப் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் அவை 1981இல் அமைந்தது. அதன் நெறிப்படி முனைவர் மாணவர் ஐந்து பகுதிகளிற் தேர்தல் வேண்டும்: ஆற்றுப்படுத்தல், பயில்வோரின் பணியை மேற்பார்த்தல், கற்பித்தல், ஆய்வு, தலைமையும் உரிமைக்கான பரிந்துரையும். 2013ஆம் ஆண்டு சூலைக்குப் பின் புதிதாகச் சேரும் முதன்மை ஆசிரியர் இத்துறையிலேயே முனைவராதல் வேண்டும் என்றும் அவ்வவை விதித்தது. ஆற்றுப்படுத்துநரை உருவாக்கும் நாற்காலிக்கு வேறு வாயில் இல்லை.

நம் பிள்ளைகளுள் உளவியலும் சமூகப் பணியும் பயில்வோர் முதுகலை முடித்தவுடன் வேலை தேடிச் செல்கின்றனர். வீட்டு நிலை அத்தகையது, குறை கூறுவதற்கில்லை. பட்டியல் இனத்தாருக்கென 2005–06இல் தோன்றிய தேசிய ஆய்வு உதவித்தொகை சிலருக்குத் துணையாயிற்று. எனினும் அத்தொகை கைக்கு வரும்வரை ஆய்வாளன் உண்ணவும் உறையவும் வேண்டும். அவன் வீட்டில் அடுப்பெரியவும் வேண்டும். நம் சங்கத்தின் உதவி இதுகாறும் பள்ளிக்கும் கல்லூரிக்குமே சென்றுள்ளது. இனிவரும் ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கில், ஓர் ஆய்வாளனின் அல்லது ஆய்வாளியின் முதலாண்டு உணவுச் செலவுக்கென ஒரு வரி ஒதுக்கலாகுமா என்பதைப் பொதுக்குழுவின் முன் வைக்கின்றோம்.