உறுதிபூசுதலுக்குப் பிறகு: கினிகத்தேனைத் தோட்டங்களும் வாழ்நாள் விசுவாச உருவாக்கமும்

மலையகப் பங்குகளில் மறைக்கல்வி என்றதும் ஞாயிறு காலையில் வகுப்புவாரியாக வாங்குகளில் உட்காரும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். புதுநன்மை, உறுதிபூசுதல், பிறகு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கத்தோலிக்க திருமறைப் பாடம். பதினாறு வயதோடு படிப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறவருக்குப் பங்கு தருவது மறையுரையும் ஆண்டுத் திருவிழாவும்தான். கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை ஒரு வாதத்தை வைக்கிறது. எல்லா வயதினருக்குமான விசுவாச உருவாக்கத்தை இங்கே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பொதுநிலையினர், அவர்களிலும் பெண்கள், அதை லயங்களில் நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள். பங்கின் அமைப்பு அதைக் கல்வி என்று ஏற்றுக்கொள்ளாததால்தான் நம் திட்டங்கள் மீண்டும் மீண்டும் பிள்ளைகளோடு நின்றுவிடுகின்றன.

கினிகத்தேனை ஓர் எல்லை ஊர். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் சிங்களக் கிராமங்கள் முடிந்து தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும் இடம் அது. ஒரு பக்கம் கித்துல்கல, மறுபக்கம் வட்டவளை, இன்னொரு பக்கம் நோர்ட்டன் பிரிட்ஜ். நாட்டிலேயே மழை மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. கெனில்வர்த், கரோலினா போன்ற தோட்டங்களின் டிவிசன்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் கிடக்கின்றன. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஒரு டிவிசனிலிருந்து கோயிலுக்கு வருவதே பாதி நாள் வேலை. நுவரெலியா மாவட்டத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் தோட்டத் தமிழரில் பெரும்பான்மையினர் இந்துக்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் லயத்துக்கு ஒன்று, இரண்டு என்று சிதறியே வாழ்கின்றன. இந்தச் சிதறலைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் தாளோடு நின்றுவிடும்.

திருச்சபையின் ஏடுகள் இந்த விடயத்தில் தெளிவாகவே இருக்கின்றன. 1971இல் வந்த பொது மறைக்கல்வி வழிகாட்டி, வயதுவந்தோருக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் முதன்மை வடிவம் என்றது. 1972இல் வயதுவந்தோரைக் கிறிஸ்தவ வாழ்வில் இணைக்கும் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டது. 1979இல் இரண்டாம் யோவான் பவுல் அதே கருத்தை மறைக்கல்வி பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையில் வலியுறுத்தினார். 1997, 2020 ஆண்டுகளின் வழிகாட்டிகளும் அதே தடத்தில் சென்றன. அரை நூற்றாண்டாகச் சொல்லப்படும் ஒன்று தோட்டப் பங்கில் வேர்விடாததற்கு மேலிடத்தின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது. காரணம் நம் வரலாற்றில் இருக்கிறது.

இலங்கைக் கத்தோலிக்கம் பாடசாலையால் பிழைத்த சமயமல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து இரகசியமாக வந்த புனித யோசேப் வாஸ் 1692இல் கண்டியை அடைந்து, 1711இல் அங்கேயே இறந்தார். ஒரு சில குருக்களே இருந்த அந்தக் காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் ஊர்தோறும் இருந்த மூப்பர்களும் அண்ணாவிகளும்தான். செபம் சொல்லிக்கொடுத்தது, மரணப்படுக்கையில் இருந்தவருக்குத் துணைநின்றது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எல்லாம் அவர்களே. அக்காலக் குருக்களில் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்கள் முதலில் போய்ச் சேர்ந்தது அத்தகைய வயதுவந்தோர் கையில்தான். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்தபோது நாடு முழுவதும் கொண்டாடினோம். அவர் விட்டுச்சென்ற அமைப்பை அந்த அளவுக்கு நாம் எண்ணிப்பார்க்கவில்லை.

தோட்டங்களில் கதை வேறு விதமாகப் போனது. 1854இல் தொடங்கிய அங்கிலிக்கரின் தமிழ்க் கூலி மிஷன் உபதேசிமார்களை லயம் லயமாக அனுப்பியது. 1886இல் மறைமாவட்டமான கண்டியின் சில்வெஸ்திரின் துறவிகளும் பரந்த மலைப்பகுதியை உபதேசியார்களின் துணையின்றிப் பராமரித்திருக்க முடியாது. உபதேசியார் போகும் இடத்தில் பெரியவர், சிறியவர் என்று பிரித்து உட்கார வைக்க இடமே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் இஸ்தோப்பில் யார் இருந்தார்களோ அவர்களே வகுப்பு. பின்னர் நகரங்களில் மிஷன் பாடசாலைகள் ஓங்கியபோது விசுவாசம் ஆசிரியரின் மேசைக்கு நகர்ந்தது. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடமையான பிறகு, அந்தப் பாடசாலை வடிவமே ஞாயிறு வகுப்பாகக் கோயிலுக்குள் குடிவந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒருசிலரே படிக்கும் தோட்டப் பாடசாலையில் திருமறைக்கென்று ஆசிரியர் கிடைப்பது அரிது. எனவே பரீட்சைக்கான பாரமும் ஞாயிறு ஆசிரியையின் தோளிலேயே ஏறுகிறது. அவர் நல்லவர், கூலியில்லாமல் உழைப்பவர். ஆனால் அவர் கையில் இருப்பது பதினாறு வயதில் முடியும் பாடப்புத்தகம்.

இதற்கிடையில் மக்களே பிரிக்கப்பட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பாட்டி ஒரு நாட்டில், பேரன் ஒரு நாட்டில் என்றான குடும்பங்களில் அறுந்தது சொந்தம் மட்டுமா? செபமும் பாடலும் புனிதர்களின் கதைகளும் வாய்வழியாக வந்த சங்கிலியும் அங்கே அறுந்தது. வாழ்நாள் விசுவாச உருவாக்கம் பற்றி வட அமெரிக்காவில் எழுதப்படும் நூல்களில் இந்த அனுபவத்துக்கு இடமில்லை. தலைமுறைகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன, அவற்றை ஒரே மேசைக்கு அழைத்தால் போதும் என்பது அந்த நூல்களின் அடிப்படை எண்ணம். தோட்டத்திலோ தலைமுறைகளின் பிரிவு இன்னும் தொடர்கிறது. தாய் மத்திய கிழக்கில், மகன் கொழும்புக் கடையில், பேத்தி அம்மாயியோடு லயத்தில்.

இனி நேரம். தோட்டப் பெண்ணின் நாள், காலை ஆள்கணக்கான பெரட்டுக்கு முன்பே தொடங்குகிறது. விடியுமுன் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தயார்படுத்தல், கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விடுதல். அதன் பிறகு மலை. அட்டைக்கடியும் மழையும் தாண்டிக் கொழுந்து நிறுத்து முடிகையில் பொழுது சாய்ந்துவிடும். ஞாயிறு ஓய்வு என்று நாம் எண்ணுகிறோம். கொழுந்து நிறைந்த மாதங்களில் ஞாயிறன்று கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்கள் ஏராளம். அந்தப் பணம் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகிறது. கோயில் மணிக்கும் கைக்காசுக்கும் நடுவே அவளை நிறுத்திவிட்டு, வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. பங்கின் நாட்காட்டி தோட்டத்தின் நாட்காட்டியைப் பார்த்து எழுதப்பட வேண்டும். இதை நிர்வாக யோசனையாகச் சொல்லவில்லை. மனிதரானவர் மனிதரின் நேரத்துக்குள் வந்தார் என்று அறிக்கையிடும் திருச்சபை எடுக்க வேண்டிய இறையியல் நிலைப்பாடு இது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. லயத்தில் நடப்பது பக்தி, அதை உருவாக்கம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். செபமாலை மாதத்தில் வீடுவீடாகச் செபம் சொல்வதும், வேளாங்கண்ணி மாதாவின் கொடியேற்றத்துக்கு இந்து அயலவரோடு சேர்ந்து போவதும், அந்தோனியாருக்குச் செவ்வாய் நேர்வதும் உணர்வுக்கு உணவாகலாம், அறிவுக்கு என்ன தருகின்றன? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. திருவிழா ஏன் என்று யாரும் விளக்காத இடத்தில், கொழும்புக்குப் போன இளைஞனுக்கு விடுமுறையன்றி வேறொன்றும் மிஞ்சுவதில்லை. விளக்கம் வேண்டும். ஆனால் பக்திக்கு வெளியே நின்று தரும் விளக்கம் ஒட்டாது.

ஒரு சாவு வீட்டை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் சுவாமி வந்துசேர நேரமாகலாம், சில வேளை அடக்கத்துக்குத்தான் வருவார். அதுவரை வீட்டைத் தாங்குவது யார்? இஸ்தோப்பில் விரித்த பாயில் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். அதில் இறந்தவரின் உழைப்பு வருகிறது, கைவிட்டுப்போன மகன் வருகிறான், கடவுளிடம் கேள்வியும் வருகிறது. இடையில் மூத்த பெண் ஒருத்தி செபமாலையைத் தொடங்குகிறாள். ஒப்பாரி அடங்கிச் செபம் எழுகிறது, செபம் முடிந்ததும் மறுபடி ஒப்பாரி. பிள்ளைகள் கதவோரம் நின்று பார்க்கிறார்கள். இறப்பு, நம்பிக்கை, உயிர்ப்பு பற்றி அவர்கள் கற்கும் முதல் பாடம் அதுதான். திருப்பாடல்களின் புலம்பலைப் படித்தவர் எவரும் அந்த முற்றத்தை அறியாமை என்று சொல்லமாட்டார். அந்தப் பெண்ணோடு முப்பத்தோராம் நாளுக்குள் இரண்டு முறை உட்கார்ந்து, புலம்பல் பாடல்களை வாசித்துப் பேசினால், அதுவே முழுமையான வயதுவந்தோர் மறைக்கல்வி. வகுப்பறையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் விசுவாசத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்தபோது, தன் நம்பிக்கையைத் தள்ளிநின்று ஆராயும் தனிமனிதனை உயர்ந்த படிகளில் வைத்தார். நம் பயிற்சி நெறிகளில் அவரைக் கற்பிக்கிறோம், பயனும் உண்டு. எழுத்தறியாத ஒரு பாட்டி சாவு வீட்டில் கடவுளிடம் கேட்கும் கேள்வி அந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கும் என்பதற்கு மட்டும் அவரிடம் எனக்கு விடை கிடைக்கவில்லை.

எதைக் கற்பது என்பதும் திறந்த கேள்வியே. வயதுவந்தோரின் விசுவாசம் அவர்களுடைய சம்பளம், வீடு, காணி ஆகியவற்றைத் தொடாமல் வளராது. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் கண்டியைப் பிரித்துப் பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது வறிய பதுளையையே தேர்ந்துகொண்டார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன, குருத்துவப் பயிற்சியை மக்களின் வாழ்வுக்கு நடுவே கொண்டுபோனது. அதே 1972இல் இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் நிலையைச் சிங்கள, தமிழ் மக்கள் ஒன்றாக ஆராயும் களமாக்கினார். இவ்விருவரையும் சமூகப்பணியின் கணக்கில் எழுதிவைப்பது நம் வழக்கம். மறைக்கல்வியின் வரலாற்றிலும் அவர்களுக்கு இடம் தரவேண்டும். விடுதலைப் பயண நூலை நாடற்றவராயிருந்த மக்களோடு வாசிப்பதற்கும் பரீட்சைக்காக மனனம் செய்வதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் கண்டிருந்தார்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் பல சமயத்தவரும் கலந்துகொண்டனர். முன்னோர் காட்டுவழியே நடந்த பாதை அது. தவக்காலச் சிலுவைப் பாதையைத் தோட்டத்தின் குறுக்குப் பாதையில் நடத்தும் பங்குகளுக்கு, அந்த நடைபயணம் ஓராண்டு மறைக்கல்விக்குப் போதுமான பொருளைத் தருகிறது.

கினிகத்தேனைக்கே உரிய இரு விடயங்களையும் தொட வேண்டும். முதலாவது மொழி. நகரத்தில் சிங்களமும் தோட்டத்தில் தமிழும் பேசப்படும் இடத்தில் இருமொழிப் பூசை நல்லதே, ஆனால் வயதுவந்தோர் தங்கள் துயரைப் பேசுவது தாய்மொழியில்தான். சேர்ந்து கொண்டாடுவதும் தனித்தனியே கற்பதும் முரண்பட்டவையல்ல. இரண்டாவது கலப்புத் திருமணம். கத்தோலிக்கர் சிறுபான்மையான லயங்களில் இந்து மருமகளோ மருமகனோ வருவது இயல்பு. அவர்களுக்கான ஆயத்தம் பெரும்பாலும் திருமணத்துக்கு முந்திய சில வாரச் செபப் பாடமாகச் சுருங்குகிறது. 1972இன் சடங்குமுறை மாதக்கணக்கான உடன்பயணத்தை எதிர்பார்க்கிறது. அந்தப் பயணத்தில் மாமியாரும் கணவனும் சேர்ந்து நடந்தால், மதம் மாற்றும் அவசரம் குறையும், முழு வீடும் கற்கும்.

2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். மலையகத்தில் இதை நடைமுறைப்படுத்தும்போது ஓர் ஆபத்து உண்டு. சான்றிதழ் உள்ளவர்களையும் நகர ஆசிரியர்களையும் மட்டும் தெரிவுசெய்தால், லயத்தில் செபத்தைத் தொடங்கும் அந்த மூத்த பெண் மறுபடியும் வெளியே நிற்பாள். ஆயரின் முன் நின்று இப்பணியைப் பெறவேண்டியவர்களில் அவள் முதல்வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதப் படிக்க முடியாதவளுக்குச் செவிவழிப் பயிற்சி தரலாம். பயிற்சி கண்டியில் நடந்தால் அவள் வரமாட்டாள், ஹட்டனில் நடந்தாலும் மாலை பஸ்ஸுக்கு முன் முடியவேண்டும். அன்றைக்கு அவள் இழக்கும் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, மறைமாவட்டம் ஈடுசெய்ய வேண்டும். பங்குச் சபையின் வரவுசெலவில் திருவிழாப் பட்டாசுக்கு ஒரு வரி இருக்கிறதென்றால், உபதேசியாரின் நாட்சம்பளத்துக்கும் ஒரு வரி எழுதலாம்.