சுமாட்ரிப்டான்: ஒற்றைத் தலைவலி மாத்திரை

ஜொகூர் மருந்தகங்களில் பெனடால் கேட்டதும் கிடைக்கும், சுமாட்ரிப்டான் அப்படியல்ல. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி அதற்கு மருத்துவரின் மருந்துச் சீட்டு வேண்டும். காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிமுகமான இம்மருந்து, தலையின் இரத்த நாளங்களைச் சுருக்கி ஒற்றைத் தலைவலியைத் தணிக்கிறது. இதயத்தின் நாளங்களும் கூடவே சுருங்கலாம். அதனால் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் இதை எடுக்கக்கூடாது. மகளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை, "எனக்கும் தலைவலிதானே" என்று இதயநோயுள்ள அப்பா விழுங்குவதுதான் விபரீதம்.

வலி தொடங்கியதுமே போட்டால் பலன் அதிகம்; வருமுன் தடுக்க இது உதவாது. முதல் மாத்திரையில் தணிந்த வலி திரும்பினால் மட்டுமே, குறைந்தது 2 மணி நேரம் கழித்து அடுத்தது. மாதத்தில் 10 நாளுக்கு மேல் தொடர்ந்து எடுத்துவந்தால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும்.